டெக்காபென்டாபிளெஜிக்கை எதிர்க்கும் தாய்மார்கள்



கணையத்திலிருந்து எடுத்த திசுவில் புற்றுநோய் இருக்குமோ என்ற ஐயம் எழுந்தால், அதன் மெல்லிய சீவலில் ஸ்மாட்4 என்ற புரதம் இருக்கிறதா என்று நோயியல் மருத்துவர்கள் சாயமேற்றிப் பார்ப்பதுண்டு. ஏறத்தாழப் பாதிக் கணையப் புற்றுகளில் அந்தப் புரதம் செயலிழந்திருக்கும். உயிரியலாளர்கள் நாள்தோறும் புரட்டும் யூனிப்ராட் என்ற புரதத் தரவுத்தளத்தில் இதன் முழுப்பெயரைத் தேடினால் ‘மதர்ஸ் அகெய்ன்ஸ்ட் டெக்காபென்டாபிளெஜிக் ஹோமோலாக் 4’ என்று வரும். டெக்காபென்டாபிளெஜிக்கை எதிர்க்கும் தாய்மார்களுக்கு ஒத்த நான்காவது புரதம் என்று அதற்குப் பொருள். மனிதனைக் கொல்லும் ஒரு நோயின் கோப்புக்குள் இப்படியொரு பெயர் எங்கிருந்து வந்தது? இரண்டரை மில்லிமீட்டர் நீளமுள்ள பழ ஈயிடமிருந்து வந்தது. வேடிக்கைக்காக வைத்த பெயர்தான். ஆனால் ஒரு சோதனையின் முடிவைத் துளியும் பிசகாமல் சொல்கிற பெயரும் அதுவே.

பழ ஈயின் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் முறை 1910இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வேரூன்றியது. தாமஸ் ஹன்ட் மார்கன் பால் புட்டிகளில் ஈ வளர்த்துக்கொண்டிருந்தார். சிவப்புக் கண் ஈக்களுக்கு நடுவே ஒருநாள் வெள்ளைக் கண்ணோடு ஓர் ஆண் ஈ தென்பட்டது. அந்த மாற்றத்துக்குக் காரணமான மரபணுவுக்கு ‘ஒயிட்’ என்று பெயரிட்டார்கள். கண் சிவப்பாக இருப்பதற்குத் தேவையான மரபணுவின் பெயர் வெள்ளை! ஒரு மரபணு ஒழுங்காக இருக்கும்போது அதன் வேலை கண்ணுக்குத் தெரிவதில்லை. கெட்டுப்போனால்தான் என்ன குறைகிறது என்று தெரிகிறது. ஆகவே குறையையே பெயராக்கிவிடுவது ஈ ஆய்வாளர்களின் வழக்கமாயிற்று.

அந்த வழக்கம் போகப்போகச் சுவை கூடியது. இதயமே உருவாகாத ஈக்கருவைத் தந்த மரபணு ‘டின்மேன்’ ஆனது. ஓஸ் மந்திரவாதி கதையில் இதயம் இல்லாத தகர மனிதனின் பெயர் அது. வெளிப் பிறப்புறுப்பு இல்லாத ஈக்களுக்கு, அவ்வாறே செய்யப்பட்ட பொம்மைகளை நினைத்து ‘கென் அண்ட் பார்பி’ என்றார்கள். சாராய ஆவி கொஞ்சம் பட்டாலே மயங்கிவிழும் ஈயின் மரபுமாற்றத்துக்கு, செலவில்லாமல் போதையேறும் துணை என்ற பொருளில் ‘சீப் டேட்’ என்று வைத்தார்கள். வழக்கத்தைவிட நெடுநாள் வாழும் ஈயைத் தந்த மரபணு ‘இன்டி’. ‘நான் இன்னும் சாகவில்லை’ என்ற ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துகள் சேர்ந்தது அது. பட்டியலை நீட்டிக்கொண்டே போகலாம். இவற்றுள் பல ஒரே ஒரு குறையைச் சுட்டிவிட்டு நின்றுவிடுகின்றன. ‘தாய்மார்கள்’ என்ற பெயரோ ஒரு முழுச் சோதனையையே தனக்குள் வைத்திருக்கிறது. அதை அவிழ்க்க, அந்தத் தாய்மார்கள் எதை எதிர்த்தார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

டெக்காபென்டாபிளெஜிக், சுருக்கமாக டிபிபி. 1982இல் ஹார்வர்டின் வில்லியம் கெல்பார்ட்டும் உடன் ஆய்வாளர்களும் வைத்த பெயர். பதினைந்து உறுப்புகளில் செயலிழப்பு என்பது அந்தக் கிரேக்கச் சொற்களின் பொருள். ஈயின் புழுவுக்குள், பிற்காலத்தில் இறக்கை, கால், கண், உணர்கொம்பு என்று ஆகப்போகும் திசுக்கள் சிறுசிறு தட்டுகளாக மடிந்து காத்திருக்கும். டிபிபி கெட்டுப்போனால் அவற்றுள் பதினைந்து தட்டுகள் பாதிக்கப்படும். ஒரே மரபணு இத்தனை உறுப்புகளில் எப்படித் தலையிடுகிறது என்ற கேள்விக்கு 1987இல் விடையின் முதல் பகுதி கிடைத்தது. ரிச்சர்ட் பேட்ஜெட், டேனியல் செயின்ட் ஜான்ஸ்டன், கெல்பார்ட் மூவரும் அந்த மரபணுவின் எழுத்து வரிசையைப் படித்தார்கள். அது செல்லிலிருந்து வெளியே சுரந்து பக்கத்துச் செல்களுக்குச் சேதி சொல்லும் ஒரு புரதத்தைத் தருவது தெரிந்தது. பாலூட்டிகளில் அதற்கு முன்பே அறியப்பட்டிருந்த டிஜிஎஃப்-பீட்டா குடும்பத்தைச் சேர்ந்தது அந்தப் புரதம்.

இங்கே எலும்பு மருத்துவத்தின் கதை வந்து கலக்கிறது. சுண்ணாம்புச் சத்து நீக்கிய எலும்புத் துண்டைத் தசைக்குள் வைத்தால் அங்கே புதிய எலும்பு உருவாகிறது என்று லாஸ் ஏஞ்சல்ஸின் அறுவை மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட் 1965இல் அறிவித்திருந்தார். அந்த எலும்பாக்கும் புரதங்களின் மரபணுக்கள் 1988இல் கைக்கு வந்தன. அவற்றுள் இரண்டு, டிபிபியின் மிக நெருங்கிய உறவுகள். எலும்பே இல்லாத ஈயும் எலும்பால் நிமிர்ந்து நிற்கும் மனிதனும் ஒரே சேதிப் புரதத்தை வைத்திருக்கிறார்கள்! இந்த ஒற்றுமை எவ்வளவு ஆழமானது என்பதை 1993இல் இரண்டு சோதனைகள் எதிரெதிர்த் திசையிலிருந்து காட்டின. ஒன்றில், டிபிபி இல்லாத ஈக்கருவுக்கு மனிதனின் எலும்பாக்கும் புரதமான பிஎம்பி4இன் மரபணுவைக் கொடுத்தார்கள். கருவின் முதுகுப்புறத் திசுக்கள் உருவாயின. மற்றொன்றில், ஈயின் டிபிபி புரதத்தை எலியின் தோலுக்கடியில் வைத்தார்கள். அங்கே எலும்பு வளர்ந்தது. அறுபது கோடி ஆண்டு அளவில் பிரிந்து நடந்த இரு உயிர்க்கிளைகளில் ஒன்றின் சொல்லை மற்றது இன்றும் புரிந்துகொள்கிறது. உயிரியலில் இதைவிட வியப்பான முடிவுகள் அதிகம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஈக்கருவில் டிபிபி முதுகுப்புறத்தைத் தீர்மானிக்கிறது. தவளை, எலி போன்ற முதுகெலும்பிகளில் பிஎம்பி4 வயிற்றுப்புறத்தைத் தீர்மானிக்கிறது. இரண்டையும் மட்டுப்படுத்தும் புரதங்களும் ஒத்தவையே. இடம் மட்டும் தலைகீழ். பிரெஞ்சு விலங்கியலாளர் ஜோஃப்ராய் செயின்ட் இலேர் 1822இலேயே ஒரு சிங்கி இறாலின் உடற்கூற்றைக் கவிழ்த்துப் பார்த்து, கணுக்காலிகளும் முதுகெலும்பிகளும் ஒரே வார்ப்பின் மேலும் கீழும் என்று வாதிட்டார். சக விலங்கியலாளர் குவியேர் அதை ஏற்கவில்லை. அறிவுலகமும் நெடுங்காலம் ஏற்கவில்லை. 1990களின் நடுவில் ஈயும் தவளையும் அவர் பக்கம் சாட்சி சொல்ல வந்தன.

இனி தாய்மார்கள். டிபிபி சேதியைச் சுமந்து செல்கிறது என்று தெரிந்துவிட்டது. அதை வாங்குவது யார், வாங்கிய பின் செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பது தெரியவில்லை. கெல்பார்ட்டின் ஆய்வகத்தில் லாரல் ராஃப்டரி, ஜெஃப் செகெல்ஸ்கி முதலியோர் ஈயின் ஒரு பலவீனத்தையே கருவியாக்கினார்கள். பெரும்பாலான மரபணுக்களில் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இருக்கும் இரண்டு படிகளில் ஒன்று கெட்டாலும் ஈ பிழைத்துக்கொள்ளும். டிபிபியில் அப்படி இல்லை. கருவில் அதன் அளவு பாதியாகக் குறைந்தாலே சாவு. ஆகவே, டிபிபி சற்றே குறைந்து மயிரிழையில் உயிர் பிழைக்கும் ஈக்களை எடுத்துக்கொண்டு, வேறு எந்த மரபணுவின் ஒரு படியைக் கெடுத்தால் அவை செத்துப்போகின்றன என்று தேடினார்கள். அப்படிச் சாகடிப்பது எதுவானாலும், அது டிபிபியோடு ஒரே பாதையில் வேலை செய்கிறது என்று கருத இடமுண்டு.

தேடலில் சிக்கிய சில சடுதிமாற்றங்கள் விசித்திரமாக நடந்துகொண்டன. அந்த மாற்றம் தந்தையிடம் இருந்தால் டிபிபி குறைந்த பிள்ளைகள் பிழைத்தன. தாயிடம் இருந்தால், அதே பிள்ளைகள் செத்தன. அந்த மாற்றத்தைத் தாயிடமிருந்து பெறாத பிள்ளைகளுக்கும் அதே கதிதான். காரணம் முட்டையில் இருக்கிறது. ஈக்கரு தொடக்கத்தில் தன் மரபணுக்களைப் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை; முதல் இரண்டு மணி நேரத்தைத் தாய் முட்டைக்குள் வைத்துக்கொடுத்த புரதங்களையும் ஆர்என்ஏக்களையும் கொண்டே ஓட்டுகிறது. டிபிபியின் சேதியைக் கேட்கத் தேவையான அந்தப் புரதமும் தாய் கொடுத்த சீதனமே. தாயின் ஒரு படி கெட்டிருந்தால் சீதனம் பாதியாகிறது. ஏற்கெனவே மெலிந்திருக்கும் டிபிபியின் சேதி அதனால் போய்ச் சேராமல் நின்றுவிடுகிறது. தாயின் மரபணு பிள்ளையின் டிபிபிக்கு எதிராக வேலை செய்தது என்றுதான் இந்தச் சோதனை முடிவைச் சுருக்க முடியும். அதைத்தான் சுருக்கினார்கள்.

சொல்வடிவம் மட்டும் அமெரிக்கத் தெருவிலிருந்து வந்தது. 1980இல் கலிபோர்னியாவில் கேண்டி லைட்னர் என்பவரின் 13 வயது மகள், குடித்துவிட்டு ஓட்டியவரின் கார் மோதி இறந்தாள். அந்தத் தாய் தொடங்கிய ‘குடிபோதையில் வண்டி ஓட்டுவதை எதிர்க்கும் தாய்மார்கள்’ என்ற இயக்கம் நாடு முழுவதும் பரவியது. மது வாங்கும் வயதை மாநிலங்கள் 21 ஆக உயர்த்த வழிசெய்த 1984ஆம் ஆண்டுச் சட்டத்துக்காகவும் அது போராடியது. இன்னதை எதிர்க்கும் தாய்மார்கள் என்ற வாய்பாடு அமெரிக்கர் எல்லோர் காதிலும் பதிந்திருந்த காலத்தில்தான் ஈயின் மரபணுவுக்குப் பெயர் தேவைப்பட்டது. ‘மதர்ஸ் அகெய்ன்ஸ்ட் டிபிபி’ பிறந்தது, சுருக்கமாக மாட். 1995இல் அந்த மரபணுவைப் பிரித்தெடுத்துப் படித்தபோது, அதன் புரதம் அதுவரை அறிந்த எந்தப் புரத வகையிலும் அடங்கவில்லை. வேறு எதைச் சொல்லிப் பெயரிட்டிருக்க முடியும்? அதைப் பற்றி உறுதியாகத் தெரிந்திருந்த ஒரே சேதி தாய்மார்களைப் பற்றியதுதான்.

அதே தேடலில் அதே போக்குடைய இரண்டாவது மரபணுவும் கிடைத்தது. அதற்கு ‘மீடியா’ என்று பெயர் வைத்தார்கள். கணவனைப் பழிவாங்கத் தன் பிள்ளைகளையே கொன்ற கிரேக்கப் புராணத் தாய் அவள்.

மாட் என்ன செய்கிறது என்பது அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் துலங்கியது. செல்லின் மேற்பரப்பில் டிபிபியைப் பிடிக்கும் ஏற்பிகள் உள்ளன. கெட்டால் இறக்கை நரம்புகள் தடித்துப்போகும் ‘திக்வெயின்ஸ்’, ‘பன்ட்’, ‘சாக்ஸபோன்’ என்பவை அவற்றின் பெயர்கள். டிபிபி வந்து ஒட்டியதும் ஏற்பி, மாட் புரதத்தின் வால்முனையில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. பாஸ்பேட் ஏறிய மாட், மீடியாவைக் கூட்டிக்கொண்டு உட்கருவுக்குள் போகிறது. அங்கே நேராக டிஎன்ஏ மீது அமர்ந்து சில மரபணுக்களைத் திறக்கிறது, சிலவற்றை மூடுகிறது. வாசலில் வாங்கிய கடிதத்தைத் தானே உள்ளறைக்கு எடுத்துப்போய்ப் படித்துக் காட்டும் ஆள் போன்றது மாட். செல்லின் சேதிப் பாதைகள் பலவற்றில் இடைத்தரகர்கள் வரிசையாக நிற்பார்கள். இங்கே வாசலுக்கும் உள்ளறைக்கும் ஒரே ஆள்தான். பாலூட்டிச் செல்களை வைத்து டிஜிஎஃப்-பீட்டாவை ஆராய்ந்தவர்கள் பல ஆண்டுகளாகத் தேடிய பதில் இது. ஈக்களை இணைசேர்த்து, செத்த பிள்ளைகளை எண்ணியவர்களிடமிருந்து அது வந்தது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நோயோடு நேரடித் தொடர்பில்லாத ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவர்களுக்கு மாட்டைவிடத் தெளிவான மறுமொழி கிடைப்பது அரிது.

ஈக்கு வெளியே மாட் தனித்து நிற்கவில்லை. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சீ. எலிகன்ஸ் என்ற உருளைப்புழுவில், உடல் குட்டையாகிப்போன மாற்றங்களுக்கு ஆங்கிலத்தில் சிறியது என்ற பொருள்பட ‘ஸ்மா’ என்று பெயர். அந்த மரபணுக்களின் வரிசையைப் படித்தபோது அவை மாட்டின் உடன்பிறப்புகள் என்று தெரிந்தது. மனிதரிலும் தவளையிலும் எலியிலும் ஒன்றன்பின் ஒன்றாக அக்குடும்பத்தினர் வெளிப்பட்டார்கள். ஒவ்வோர் ஆய்வகமும் தன் விருப்பப்படி பெயர் வைத்ததால் ஒரே புரதம் நாலைந்து பெயர்களில் உலவியது. 1996இல் இத்துறையினர் கூடி ‘செல்’ இதழில் ஓர் உடன்பாட்டை வெளியிட்டார்கள். புழுவின் ஸ்மாவையும் ஈயின் மாட்டையும் ஒட்டி ஸ்மாட் என்று பொதுப்பெயர், வேறுபடுத்த எண்கள். எவருடைய கண்டுபிடிப்பையும் மறைக்காத பெயர் அது.

அதே 1996இல், ஈக்களோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் கெர்னின் குழு கணையப் புற்றுகளில் 18ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு தொலைந்துபோவதைத் துருவிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் கிடைத்த மரபணுவுக்கு டிபிசி4 என்று பெயரிட்டார்கள். அதன் வரிசை ஈயின் மாட்டோடும் புழுவின் ஸ்மாவோடும் ஒத்திருந்தது. அதுதான் ஸ்மாட்4, 552 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். ஈயில் அதன் நேர் உறவு மீடியா. செல்களே, அடங்குங்கள் என்ற சேதியை டிஜிஎஃப்-பீட்டா அனுப்பும்போது அதை உட்கருவுக்குள் கொண்டுபோக ஸ்மாட்4 வேண்டும். அது தொலைந்தால் சேதி வாசலோடு நின்றுவிடுகிறது. புற்றுச் செல்லுக்கு ஒரு தடை விலகுகிறது.

1998இல் கதை குடும்பங்களுக்குள் நுழைந்தது. குடலில் பாலிப்கள் என்னும் சதை வளர்ச்சிகள் நிறைய முளைக்கும் ஜுவெனைல் பாலிபோசிஸ் என்ற பரம்பரை நோய் உண்டு. சிறு வயதிலேயே இரத்தப்போக்கு, பின்னாளில் குடல் புற்றுக்கான ஆபத்து. பல குடும்பங்களில் அதன் காரணம் ஸ்மாட்4இல் ஏற்பட்ட மாற்றம் என்று தெரிந்தது. 2001இல் இன்னும் சில குடும்பங்களில் காரணம் பிஎம்பிஆர்1ஏ என்ற ஏற்பி என்று கண்டார்கள். ஈயில் அதன் உறவு திக்வெயின்ஸ். ஈ ஆய்வாளர்கள் வரைந்த பாதையின் வாசலும் உள்ளறையும் ஒரே மனித நோயில் வந்து சந்தித்தன. மாறிய படி தாயிடமோ தந்தையிடமோ இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போய்ச் சேர இரண்டில் ஒரு வாய்ப்பு.

இந்த இடத்தில் பெயர் விளையாட்டாக இருக்க முடியாது. நோயுற்ற பிள்ளையின் தாய் மரபணு ஆலோசகர் முன் அமர்ந்திருக்கிறாள். தன்னிடமிருந்து வந்த மரபணுதான் பிள்ளையைப் பாதித்தது என்று அறிந்து கலங்கியிருக்கிறாள். அவளிடம், பிள்ளையைக் கொன்ற தாயின் பெயரை எந்த மருத்துவரும் சொல்லக் கூடாது. நல்லவேளையாக ஸ்மாட்4 என்ற பெயர் அதற்கு முன்பே நிலைத்துவிட்டது. வேறு சில மரபணுக்களுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. ஒரு கணினி விளையாட்டின் முள்ளெலி பெயர் தந்த ‘சோனிக் ஹெட்ஜ்ஹாக்’ மரபணுவில் மாற்றம் ஏற்பட்டால் கருவின் முன்மூளை இரண்டாகப் பிரியாமல் போகலாம். அது கொடிய நிலை. ‘லுனாட்டிக் ஃப்ரிஞ்ச்’ என்ற பெயர் தீவிரக் கருத்துடையவர்களைப் பித்தர்கள் என்று கேலி செய்யும் தொடரிலிருந்து எடுக்கப்பட்டது; முதுகெலும்பு கோணலாக அமையும் ஒரு பிறவிக் கோளாறில் அந்த மரபணுவுக்குப் பங்குண்டு. இந்தச் சங்கடத்தை மருத்துவர்கள் 2006இல் வெளிப்படையாக எழுதினார்கள். மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு அத்தகைய பெயர்களை மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொண்டது. லுனாட்டிக் ஃப்ரிஞ்சின் அதிகாரப்பூர்வப் பெயர் இன்று வெறும் வேதியியல் விவரம். சோனிக் ஹெட்ஜ்ஹாக் பெயர் இன்னும் நீடிக்கிறது. நடைமுறையில் மருத்துவர்கள் அதன் மூன்றெழுத்துச் சுருக்கத்தோடு நின்றுகொள்கிறார்கள்.

மருத்துவர்கள் கேட்டது முழு நியாயம். அதற்காக ஈயின் பெயர்களையும் துடைத்தெறிய வேண்டும் என்று சிலர் சொல்வதில் நியாயம் இல்லை. ஸ்மாட்1, ஸ்மாட்4 என்ற எண்கள் எது எப்படிக் கண்டறியப்பட்டது என்பதைச் சொல்வதில்லை. மாட் என்ற பெயரைக் கேட்கும் மாணவர், தாயின் முட்டைச் சீதனத்தை ஒருமுறை விளங்கிக்கொண்டால் ஆயுளுக்கும் மறக்க மாட்டார். பெயரின் ஒரு வடிவம் ஆய்வகத்திலும் வேறொரு வடிவம் மருத்துவமனையிலும் புழங்குவதால் எவருக்கும் இழப்பில்லை.

தாய்மார்களுக்குப் பின் மகள்களும் வந்தார்கள். 1997இல் டோக்கியோவிலிருந்து டெட்சுயா தபாட்டாவும் உடன் ஆய்வாளர்களும் ‘டாட்டர்ஸ் அகெய்ன்ஸ்ட் டிபிபி’ என்ற மரபணுவை அறிவித்தார்கள். டிபிபியின் சேதியே இதைத் திறந்துவிடுகிறது. திறந்ததும் இது மாட்டின் வேலையைத் தடுத்து அந்தச் சேதியை மட்டுப்படுத்துகிறது. தாய் டிபிபியை எதிர்த்தது மரபணு கெட்டபோது மட்டுமே; ஒழுங்கான மாட் டிபிபிக்குக் கையாள். மகளோ ஒழுங்காக இருக்கும்போதே டிபிபியை உண்மையாக எதிர்ப்பவள். மனிதரில் இதே வேலையை ஸ்மாட்6, ஸ்மாட்7 இரண்டும் செய்கின்றன.

டிபிபியைப் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை. இறக்கையாகப் போகும் தட்டு, சுமார் 50 செல்களிலிருந்து நான்கைந்து நாட்களில் சுமார் 50,000 செல்களாக வளர்கிறது. தட்டின் நடுவே ஒரு குறுகிய பட்டையில் டிபிபி சுரந்து இருபுறமும் பரவுகிறது. பட்டைக்கு அருகில் செறிவு அதிகம், விலக விலகக் குறைவு. இந்தச் சரிவுதான் இறக்கையின் வளர்ச்சியை நடத்துகிறது என்று பாடநூல்கள் எழுதிவந்தன. 2015இல் ‘நேச்சர்’ இதழில் இரண்டு குழுக்கள் அதைக் கேள்விக்குள்ளாக்கின. டிபிபி பரவாமல் பட்டையிலேயே பிடித்துவைத்தாலும் தட்டின் ஓரங்கள் வளர்கின்றன என்றது ஒன்று. வளர்ச்சியின் பிற்பகுதியில் பட்டையில் சுரக்கும் டிபிபியே தேவையில்லை என்றது மற்றொன்று. இரண்டாவது முடிவை 2017இல் வெளிவந்த ஆய்வுகள் மறுத்தன. பட்டையின் டிபிபி கடைசிவரை தேவை என்று காட்டின. எவ்வளவு டிபிபி, எவ்வளவு நேரம், எத்தனை தொலைவு என்ற கணக்கு இன்னும் நடக்கிறது. ஒவ்வொரு செல்லுக்கும் எவ்வளவு சேதி எட்டியது என்பதை இந்த ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒரே அளவுகோலால் பார்க்கிறார்கள்: வால்முனையில் பாஸ்பேட் ஏறிய மாட் புரதத்தை ஒளிரச்செய்து, அதன் அளவைச் செல் செல்லாக அளக்கிறார்கள்.